மணல் 36 டிகிரி ஏறி இறங்குகிறது, கடல் 1 டிகிரிதான் அசைகிறது: தன்வெப்பம் மட்டுமா காரணம்?

ஏசி மெக்கானிக் (கேள்வி)

எல்லோருக்கும் வணக்கம். தொழில் காரணமாக என் பையில் எப்போதும் ஒரு இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் (தொடாமலே தூரத்திலிருந்து சூட்டை அளப்பது) கிடக்கும். சமீபத்தில் கடற்கரையை ஒட்டி ஒரு வேலை, இரவு அங்கேயே தங்க வேண்டியதாகிவிட்டது. கை சும்மா இருக்காதே. மதியம் 2 மணிக்கு உலர்ந்த மணலைக் குறிவைத்து அழுத்தினேன்: 61 டிகிரி. பக்கத்திலேயே கடல் நீர்: 29.5. விடியும் முன் எழுந்து அதே இடங்களில் மறுபடி பார்த்தேன். மணல் 25, கடல் 28.5. (மணலுக்கு எமிசிவிட்டி, அதாவது பரப்பு வெப்பக்கதிரை வெளிவிடும் திறன், 0.9 வைத்துத்தான் அளந்தேன், அதற்காக யாரும் சண்டைக்கு வரவேண்டாம்.)

பள்ளிக்கூடத்துப் பதில் எனக்கும் தெரியும்: தன்வெப்பம். ஒரு கிலோ நீரை ஒரு டிகிரி ஏற்ற ஏறத்தாழ 4,186 ஜூல் வேண்டும், உலர்ந்த மணலுக்கு 800 சொச்சம் போதும். ஆகவே நிலம் சீக்கிரம் சூடாகும், நீர் மெதுவாகச் சூடாகும். சரி, அது ஐந்து மடங்கு. நான் கண்ணால் பார்த்தது 36 மடங்கு. மீதி எங்கே போயிற்று?

இன்னொரு சந்தேகம். சாயங்காலம் நல்ல கடற்காற்று. "சூடான காற்று மேலே போய்விடும், காலியான இடத்தை நிரப்பக் கடல் காற்று ஓடி வரும்" என்று படித்திருக்கிறோம். காலியிடம் எப்படி உண்டாகும்? பைப்லைனில் வாக்குவம் இழுப்பதற்கு எவ்வளவு நேரம் பம்ப் ஓடவேண்டும் என்று தெரிந்தவன் நான். வெட்டவெளியில் அது சும்மா வந்துவிடுமா?

கணக்குப்புலி

உங்கள் கணக்கு இன்னும் மோசமாகப் போகிறது, பாருங்கள். கிலோவுக்கு எவ்வளவு என்று ஒப்பிடுகிறீர்கள். வெயில் எடை பார்த்து விழுவதில்லை, பரப்பு பார்த்து விழுகிறது. அதனால் கன மீட்டருக்கு எவ்வளவு என்று பார்ப்பதுதான் முறை. உலர்ந்த மணல் கன மீட்டருக்கு 1,600 கிலோ அளவில் இருக்கும், நீர் 1,000 கிலோ. பெருக்கினால் மணலுக்கு 13 லட்சம் ஜூல், நீருக்கு 42 லட்சம் ஜூல். ஐந்து மடங்கு என்று இருந்தது மூன்று சொச்சமாகச் சுருங்கிவிட்டது!

ஆக நீங்கள் தேடவேண்டிய 'மீதி' பெரிதாகிவிட்டது. விடை ஆழத்தில் இருக்கிறது என்று நினைக்கிறேன். கடலைப் பற்றித் தெரிந்தவர்கள் சொல்லட்டும்.

பழைய செகண்ட் மேட்

சரக்குக் கப்பலில் செகண்ட் மேட்டாக (கேப்டனுக்குக் கீழே உள்ள அதிகாரிகளில் ஒருவர்) இருந்தவன். பிரிட்ஜில் (கப்பலை ஓட்டும் அறை) வாட்ச் பார்க்கும்போது வானிலை அப்சர்வேஷன் எடுத்து அனுப்புவதும் எங்கள் வேலை. 00, 06, 12, 18 என்று உலக நேரப்படி ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை. காற்று, அழுத்தம், மேகம், உலர் குமிழ் (சாதாரண வெப்பமானி காட்டும் காற்றின் வெப்பம்), ஈரக் குமிழ் (ஈரத்துணி சுற்றிய வெப்பமானி காட்டுவது), அப்புறம் கடல் நீரின் வெப்பம். பழைய முறையில் ஒரு பக்கெட்டைக் கயிற்றில் கட்டிக் கடலில் விட்டு, நீரை மொண்டு மேலே இழுத்து, உடனே தெர்மாமீட்டரை அதில் வைக்க வேண்டும். உடனே என்றால் உடனே. பக்கெட்டை டெக்கில் வைத்துவிட்டு யாரோடாவது பேச்சுக் கொடுத்தால் ஆவியாகியே அரை டிகிரி இறங்கிவிடும்.

கணக்குப்புலி சொன்னது சரி, விடை ஆழத்தில்தான் இருக்கிறது. பகல் முழுக்க வெயில் அடித்தாலும் உலர்ந்த மணலில் சூடு ஒரு சாண் ஆழத்துக்குக்கூட ஒழுங்காக இறங்காது. மணல்துகள்களுக்கு நடுவே காற்று நிற்கிறது, காற்று சூட்டை எளிதில் கடத்தாது. (நீங்கள் பைப்புக்குச் சுற்றுகிற இன்சுலேஷனிலும் வேலை செய்வது உள்ளே சிக்கிய காற்றுதானே.) அரை மீட்டர் தோண்டினால் பகலா இரவா என்று கண்டுபிடிக்க முடியாது. ஆகவே அன்றைய வெயில் எல்லாம் மேலே உள்ள பத்து சென்டிமீட்டருக்குள் முடங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கடல் அப்படியா? முதலில் ஒளி உள்ளே போகிறது. பாதிக்கு மேல் முதல் மீட்டரிலேயே உறிஞ்சப்படுகிறது என்றாலும், தெளிந்த கடலில் நீல ஒளி நூறு மீட்டர் தாண்டியும் இறங்கும். அதைவிட முக்கியம், நீர் அசைகிறது. காற்றும் அலையும் மேல்நீரையும் கீழ்நீரையும் கலக்கிக்கொண்டே இருக்கின்றன. பத்து மீட்டர் வரை கலப்பது சாதாரணம். பத்து சென்டிமீட்டருக்குப் பத்து மீட்டர், அதாவது நூறு மடங்கு. கணக்குப்புலியின் மூன்றால் பெருக்கினால் முந்நூறு. உங்களுக்கு வேண்டிய 36 அதற்குள் தாராளமாக அடங்கிவிடும். கரையோர ஆழமில்லாத நீரில் அளந்ததால்தான் உங்களுக்கு ஒரு டிகிரி வந்தது. நடுக்கடலில் காற்று வீசும் நாளில் பகலுக்கும் இரவுக்கும் அரை டிகிரிகூட வராது, எங்கள் லாக் புத்தகத்தில் அந்தக் கட்டத்தில் ஒரே எண் திரும்பத் திரும்ப இருக்கும். ஆனால் காற்றே இல்லாமல் கடல் அசையாமல் கிடக்கும் நாளில் மேல்தோல் மட்டும் இரண்டு மூன்று டிகிரி ஏறும். கலக்க ஆள் இல்லை, அவ்வளவுதான்.

ஆழம்தான் விஷயம் என்பதற்குப் பாரசீக வளைகுடாவைப் பாருங்கள். சராசரி ஆழம் 35 மீட்டர் அளவுதான். ஆகஸ்டில் நீர் 33 டிகிரி தாண்டும். அதே வளைகுடாவின் வடகோடியில் குளிர்காலத்தில் 15 பக்கம் வந்துவிடும். இது கடலின் நடத்தை இல்லை, பாதி நிலத்தின் நடத்தை. கோடையில் அங்கே டெக்கில் வேலை பார்ப்பது நரகம். 2003 ஜூலையில் சவுதி அரேபியாவின் தஹ்ரானில் பனிப்புள்ளி (காற்றிலுள்ள ஈரம் துளியாகத் தொடங்கும் வெப்பநிலை) 35 டிகிரி என்று பதிவாயிற்று. ஈரக் குமிழ் பனிப்புள்ளிக்குக் கீழே போகாது, அது அந்த அளவில் இருந்தால் வியர்வை காய்ந்து உடம்பைக் குளிர்விக்க வழியே இல்லை.

அடுத்தது ஆவியாதல், இது உங்கள் தொழில். ஒரு சதுர மீட்டரிலிருந்து 1 மில்லிமீட்டர் நீர் ஆவியானால் அது 1 கிலோ. அதற்குச் செலவாகும் வெப்பம் ஏறத்தாழ 24.5 லட்சம் ஜூல். அதே வெப்பத்தை அந்தப் பத்து சென்டிமீட்டர் உலர்மணலுக்குக் கொடுத்தால் 19 டிகிரி ஏறிவிடும்! கடல் சராசரியாக ஒரு நாளைக்கு 3 மில்லிமீட்டர் போல ஆவியாகிறது. மணலிடம் ஆவியாக்க ஒன்றும் இல்லை, அதனால் வாங்கிய வெயிலை எல்லாம் சூடாகவே காட்டவேண்டியிருக்கிறது. மழை பெய்த மறுநாள் அதே மணலை அளந்து பாருங்கள், 61 வராது.

ஏசி மெக்கானிக்

ஐயா, ரொம்ப நன்றி. லேட்டன்ட் லோடு (காற்றின் ஈரத்தை நீராக்கி எடுக்க ஏசி செய்யவேண்டிய வேலை) என்று தினமும் கணக்குப் போடுகிறேன், அதைக் கடலுக்குப் போட்டுப் பார்க்கத் தோன்றவில்லை.

சரி, கடற்காற்று? அப்புறம் ஒன்று கேட்கவேண்டும். புழுக்கமான நாளில் காற்று கனமாக இருப்பது போல இருக்கிறதே, ஈரக்காற்று எடை கூடியதுதானே? அப்படியானால் அது மேலே போய் எப்படி மேகம் ஆகிறது?

பழைய செகண்ட் மேட்

இரண்டாவதை முதலில் முடித்துவிடுகிறேன். ஈரக்காற்று இலேசு. நீர் மூலக்கூறின் எடை 18. காற்றில் பெரும்பகுதி நைட்ரஜன், அது 28. ஆக்சிஜன் 32. ஒரே அழுத்தம், ஒரே வெப்பத்தில் ஒரு கன மீட்டருக்குள் இருக்கும் மூலக்கூறுகளின் எண்ணிக்கை மாறாது. ஆகவே நீராவி உள்ளே வந்தால் கனமான ஒன்று வெளியே போயிருக்கிறது. 30 டிகிரியில் முழுக்க ஈரம் நிறைந்த காற்று, அதே சூட்டில் இருக்கும் உலர்காற்றைவிட ஒன்றரை விழுக்காடு இலேசு. கேட்கச் சின்னதாக இருக்கும். உலர்காற்றை அந்த அளவு இலேசாக்க 5 டிகிரி கிட்டத்தட்ட சூடாக்கவேண்டும். கனம் என்று உங்களுக்குத் தோன்றுவது வியர்வை காயாததால்.

கடற்காற்றில் உங்கள் சந்தேகம் நியாயமானது. வெற்றிடம் எங்கேயும் உண்டாவதில்லை. நடப்பது இது: வெயில் காற்றை நேரடியாக அவ்வளவாகச் சூடாக்குவதில்லை. பெரும்பகுதி ஒளி காற்றைத் துளைத்துக்கொண்டு தரைக்குப் போகிறது, தரைதான் காற்றைக் கீழிருந்து சூடாக்குகிறது. நிலத்தின் மேலே உள்ள காற்றுத்தூண் விரிந்து உயர்கிறது. தரையில் அழுத்தம் இன்னும் மாறவில்லை, ஏனென்றால் தலைக்கு மேலே உள்ள காற்றின் எடை அதேதான். ஆனால் சில நூறு மீட்டர் உயரத்தில் கணக்கு மாறிவிட்டது. கீழே இருந்த காற்று விரிந்து அந்த மட்டத்துக்கு மேலே ஏறியிருக்கிறதல்லவா, அங்கே நிலத்துப் பக்கம் அழுத்தம் கடல் பக்கத்தைவிடக் கூடுதல். ஆகவே காற்று மேலே முதலில் கடலை நோக்கிக் கசிகிறது. அது போனபிறகுதான் நிலத்தின் மேலே காற்றின் எடை குறைந்து தரையழுத்தம் இறங்குகிறது. எவ்வளவு? ஒரு மில்லிபார் அளவு, மொத்தம் 1,013-இல். அந்த ஒன்று போதும், கீழே கடலிலிருந்து காற்று நிலத்தை நோக்கித் திரும்பிவிடும். இதற்கெல்லாம் நேரம் பிடிப்பதால்தான் வெயில் ஏறிச் சில மணி நேரம் கழித்துக் கடற்காற்று கிளம்புகிறது.

இரவில் எல்லாம் தலைகீழ். ஆனால் நிலக்காற்று எப்போதும் சோனியாகத்தான் இருக்கும். குளிர்ந்த தரை தன்னை ஒட்டிய மெல்லிய அடுக்கை மட்டுமே குளிர்விக்கும், குளிர்ந்த காற்று கீழேயே படுத்துவிடும். சூடான தரையோ காற்றை உயரம் வரை கிளறிவிடும்.

கீழிருந்து சூடாவது, கீழிருந்து குளிர்வது என்ற இந்த ஒன்றைத்தான் நான் கப்பலில் கற்றுக்கொண்டேன் என்று சொல்வேன். காற்று எதன்மேல் நாள்கணக்கில் நிற்கிறதோ அதன் குணத்தை வாங்கிக்கொள்ளும். அப்புறம் அந்தக் குணத்தோடு வேறொன்றின் மேல் போகும்போதுதான் வானிலை என்று நாம் சொல்வது நடக்கிறது. நியூஃபவுண்ட்லாந்துக்குத் தெற்கே கிராண்ட் பேங்க்ஸ் என்று ஒரு கடற்பகுதி. கல்ஃப் ஸ்ட்ரீம் என்ற சூடான நீரோட்டத்தின் மேலே ஈரத்தைக் குடித்த காற்று, வடக்கே வந்து லாப்ரடார் குளிர்நீரோட்டத்தின் மேலே ஏறும். ஜூன், ஜூலையில் அங்கே மூடுபனி என்றால் பிரிட்ஜிலிருந்து பார்த்தால் நம் கப்பலின் முன்முனையே தெரியாது. கேப்டனை எழுப்பலாமா என்று முடிவுசெய்ய எங்களுக்கு ஒரு எளிய வழி உண்டு: ஒரே தாளில் பனிப்புள்ளியையும் கடல் நீரின் வெப்பத்தையும் மணிக்கு மணி குறித்துக்கொண்டே போவது. இரண்டு கோடுகளும் நெருங்கி வந்தால் ராடாருக்குப் பக்கத்தில் ஆள், சங்கு தயார். கடல் நீர் பனிப்புள்ளிக்குக் கீழே போய்விட்டால் மூடுபனியை எதிர்பார்த்தே ஆகவேண்டும்.

இதையே திருப்பிப்போட்டால் அமெரிக்கா-கனடா எல்லையிலுள்ள பேரேரிகள். நவம்பர், டிசம்பரில் ஏரி இன்னும் உறையவில்லை, கோடையின் சூட்டைக் கொஞ்சம் வைத்திருக்கிறது. கனடாவின் உள்நிலத்திலிருந்து வரும் கடுங்குளிர் உலர்காற்று அதைக் கடக்கும்போது கீழிருந்து சூடும் ஈரமும் வாங்கிக்கொண்டு, எதிர்க்கரையில் பனியாகக் கொட்டிவிடும். இந்தக் கரையில் வெயில், அந்தக் கரையில் இடுப்பளவு பனி.

தெர்மல் தேடி

பாராகிளைடிங் செய்கிறேன். செகண்ட் மேட் சார் கடலைச் சொல்லிவிட்டார், நிலத்துக்காக நான் கொஞ்சம் பேசுகிறேன். 'நிலம்' என்று ஒரே பொருள் இருப்பது போல எழுதுகிறோம், மேலேயிருந்து பார்த்தால் அப்படி இல்லவே இல்லை. உழுது காய்ந்த வயல், பாறைச்சரிவு, தார்ச்சாலை இவற்றின் மேலே காற்று ஏறும், நாங்கள் தெர்மல் என்போம். நீர் கட்டிய வயல், ஏரி, அடர்ந்த காடு மேலே போனால் இறங்கிவிடுவோம். இடையில் நூறு மீட்டர் தூரம்கூட இருக்காது. சாயங்காலம் கதை மாறும். காய்ந்த மண் சட்டென்று ஆறிவிடும், பகல் முழுக்கச் சூட்டைச் சேர்த்துவைத்த காடும் ஏரியும் மெதுவாக விட ஆரம்பிக்கும். அப்போது அங்கேதான் நிதானமான ஏற்றம் கிடைக்கும்.

மெக்கானிக் அண்ணன் கேட்ட மேகத்துக்கு: ஏறும் காற்று அழுத்தம் குறைந்த இடத்துக்குப் போவதால் விரிகிறது, விரிவதால் குளிர்கிறது. உங்கள் கேஸ் எக்ஸ்பான்ஷன் வால்வைத் தாண்டிக் குளிர்வதோடு இதைக் குழப்பிக்கொள்ளாதீர்கள், அங்கே திரவம் ஆவியாவதால்தான் பெருங்குளிர்ச்சி. இங்கே காற்று சுற்றியுள்ள காற்றைத் தள்ளி விரிவதற்குத் தன் சூட்டையே செலவழிக்கிறது. கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 10 டிகிரி. குளிர்ந்து பனிப்புள்ளியைத் தொட்டால் மேகத்தின் அடிப்பகுதி. கிளம்பும் முன் நாங்கள் போடும் மனக்கணக்கு: தரையில் வெப்பத்துக்கும் பனிப்புள்ளிக்கும் உள்ள வித்தியாசத்தை 125-ஆல் பெருக்கு. 32-உம் 20-உம் என்றால் 12 டிகிரி, 1,500 மீட்டரில் மேகம். அனேகமாகச் சரியாக வரும்.

மேகம் ஆனபிறகுதான் ஆபத்து. ஒரு கிலோ காற்றுக்குள் 1 கிராம் நீராவி துளியாக மாறினால், கடலிலிருந்து கிளம்பும்போது அது எடுத்துக்கொண்டுவந்த வெப்பம் வெளிப்பட்டு அந்தக் காற்றை இரண்டரை டிகிரி சூடாக்கும். ஆகவே மேகத்துக்குள் ஏறும் காற்று அவ்வளவு வேகமாகக் குளிர்வதில்லை, வெளியே உள்ளதைவிடச் சூடாகவே இருந்து இன்னும் மேலே ஓடும். அடிப்பகுதி கறுத்து, அகலமாகி, நம்மை இழுக்க ஆரம்பிப்பதற்கு முன்பே இறங்கிவிடவேண்டும். செயற்கைக்கோள் பதிவுகளில் மின்னல் கடலைவிட நிலத்தின் மேலே ஏறத்தாழ பத்து மடங்கு. தரை அவ்வளவு வேகமாகச் சூடாகிக் காற்றை அவ்வளவு வேகமாக மேலே எறிகிறது.

பழைய செகண்ட் மேட்

தம்பி நன்றாகச் சொன்னார். அந்த வெப்பத்தை வைத்தே ஓடுகிற இன்னொன்று புயல். கடல்நீர் 26.5 டிகிரியாவது இருக்கவேண்டும், அதுவும் மேல்தோலில் மட்டும் போதாது, ஐம்பது மீட்டர் ஆழம் வரை. ஏனென்றால் புயலே கடலைக் கலக்கி அடிநீரை மேலே கொண்டுவந்துவிடும். மெல்லிய சூடான அடுக்காக இருந்தால் தன் தீனியைத் தானே கெடுத்துக்கொள்ளும். கரை ஏறியதும் தளர்வது முக்கியமாக ஆவி வரத்து நின்றுபோவதால். தரையின் உராய்வும் சேர்ந்துகொள்கிறது.

கணக்குப்புலி

எனக்கு ஒரு கணக்கு உதைக்கிறது. பூமி சூரியனுக்கு மிக அருகில் வருவது ஜனவரி தொடக்கத்தில், 14 கோடியே 70 லட்சம் கிலோமீட்டர். ஜூலையில் 15 கோடியே 20 லட்சம். தூரத்தின் வர்க்கத்தில் பார்த்தால் ஜனவரியில் பூமிக்குக் கிடைக்கும் வெயில் ஜூலையைவிட ஏறத்தாழ 7 விழுக்காடு அதிகம். வடக்கும் தெற்கும் சேர்த்து முழு உலகத்தின் சராசரி வெப்பத்தை எடுத்தால் ஜனவரிதானே சூடான மாதமாக இருக்கவேண்டும்?

பழைய செகண்ட் மேட்

இல்லை, ஜூலை. அதுவும் ஏறத்தாழ 4 டிகிரி அதிகம். மேலே பேசிய எல்லாவற்றையும் இங்கே போட்டுப் பாருங்கள். வடபாதியில் 61 விழுக்காடு கடல், தென்பாதியில் 81. ஜனவரியின் கூடுதல் வெயில் பெரும்பாலும் தென்கடல்களில் விழுகிறது. அவை அதைக் கலக்கி உள்ளே இறக்கிவிடுகின்றன, அல்லது ஆவியாக்கிச் செலவழித்துவிடுகின்றன, வெப்பமானியில் தெரிவதில்லை. ஜூலையில் வெயில் குறைவுதான், ஆனால் அது ஆசியாவும் வட அமெரிக்காவும் இருக்கிற பக்கம் விழுகிறது. நிலத்துக்கு ஒளித்துவைக்க இடம் இல்லை.

குளிரிலும் அப்படியே. 62 டிகிரி வட அட்சரேகையில் இரண்டு ஊர்கள். அட்லாண்டிக் நடுவே ஃபரோ தீவுகளின் டோர்ஸ்ஹாவ்ன்: ஜனவரி சராசரி சுழிக்கு மேலே 4 டிகிரி பக்கம், ஜூலை 11. சைபீரியாவின் நடுவே யாகுட்ஸ்க்: ஜனவரி சுழிக்குக் கீழே 38 பக்கம், ஜூலை சுழிக்கு மேலே 19-20. ஒரே சூரியன், ஒரே சாய்வு. வருடத்துக்கு ஓரிடத்தில் 7 டிகிரி ஏற்ற இறக்கம், மற்ற இடத்தில் 57-58. கணக்குப்புலி, வகுத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். நாள் கணக்கில் மெக்கானிக் பார்த்த 36 மடங்கு இங்கே எட்டாகச் சுருங்கியிருக்கும். ஒரு வருடம் அவகாசம் கிடைத்தால் சூடு மண்ணிலும் பத்து மீட்டர் போல இறங்கிவிடும். போதாததற்கு, ஃபரோவின் காற்றும் கடலோடு நிற்பதில்லை, யாகுட்ஸ்கின் காற்றும் சைபீரியாவோடு நிற்பதில்லை, இரண்டும் பயணம் போய்க் கொஞ்சம் கலந்துவிடுகின்றன.